வின்னியோடு ஆற்றில் இறங்கியது

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்

ரயில் இன்றைக்கும் பங்காரப்பேட்டையில் இருபது நிமிடம் நின்றது. உட்கார இடம் கிடைத்திருந்ததால் யாரையும் திட்டவில்லை. வின்னி தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஏதோ குளிர் தேசத்து ஆறு. நடுவில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண்பிள்ளை, என் வயதுதான் இருக்கும், மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு தூண்டில் வீசுகிறாள். மாட்டிய மீன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கிறது. ட்ரௌட்டாம்.

"இன்னாடி, எப்படி இருக்குது?"

"பாக்கவே குளிருது."

"நம்ம நாட்லயே கீதுடி. ஹிமாச்சல்ல. அக்டோபர்ல போலாம், நீயும் நானும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வின்னி சிரிக்காமல் சொன்ன எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை. மூன்றாம் வகுப்பில் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "இனிமே நீதான் என் ஃப்ரெண்ட்" என்று சொன்னதும் இப்படித்தான். நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

அவளுக்குத் தண்ணீர் பழக்கம். அவள் அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், மைசூர் மைன்ஸில், ஆட்கள் போகும் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்கும் இஞ்சின் டிரைவர். ஞாயிறு ஆராதனை முடிந்தால் மகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு பேத்தமங்கலா ஏரிக்குத் தூண்டிலோடு போவார். என் அப்பா நந்திதுர்க் மைனில் உள்ளே மரம் முட்டுக் கொடுக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை தூங்குவார். ஆகவே நான் பக்கெட்டுக்கு மேல் தண்ணீர் பார்த்தவள் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் எங்கள் ஊர் சாம்பியன் ஸ்டேஷனில், லேடீஸ் பெட்டி வந்து நிற்கும் கோடி பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான். பள்ளிக்கூடத்து ஸ்போர்ட்ஸ் டே பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிப் பேச்சில் நிறுத்தினாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். இடது கட்டைவிரல் துடித்தது, பிறகு கை, பிறகு மொத்த உடம்பும். கண் மேலே போய்விட்டது. அவள் கையிலிருந்த டீ என் புடவையில் கொட்டியது. வாயோரம் நுரை. நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அவள் தலை பெஞ்சில் இடிக்காமல் என் கையை அடியில் கொடுத்தேன், அவ்வளவுதான். அய்யோ, செத்துட்டா, செத்துட்டா, இதையேதான் மனசு சொல்லிக்கினு இருந்துச்சு.

இரண்டு நிமிடம் இருக்கும். அப்புறம் பெருமூச்சு விட்டு, கண்ணைத் திறந்து, "ட்ரெயின் போயிடுச்சா?" என்றாள்.

இது மூன்றாவது தடவையாம். ஒன்று ஏப்ரலில் குளியலறையில், ஒன்று ஸ்கூல் ஸ்டோர் ரூமில். டாக்டரிடம் போகவில்லை. அவள் வீட்டுக்காரர் ஏனோக் அண்ணாவுக்குத் தெரியாது.

"சொல்லிடாத நளினி. ஐடா அண்ணி கதை தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். ஏனோக் அண்ணாவின் அக்கா. அவர்களுக்கும் வலிப்பு. அந்த வீட்டில் யாரும் கொடுமை செய்யவில்லை. பிரியமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள், கத்தியைத் தொடவிடமாட்டார்கள், கதவுக்குத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். கோயிலில் முதல் வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொரு வாரமும் பேர் சொல்லி ஜெபம். ஐடா அக்கா ஐம்பது வயதுக்குப் பிறகு யாரோடும் பேசவில்லை.

"என்ன கிரவுண்ட்ல இருந்து தூக்கிடுவாங்க. பீ.டி. டீச்சரு கிரவுண்டுக்கு வராம இன்னா பண்ணுவா? அப்பால வூட்ல உக்கார வெச்சு ஜெபம் பண்ணுவாங்க. சத்தியம் பண்ணுடி."

"நீயும் பண்ணு, டாக்டர்கிட்ட போவேன்னு."

"எங்க வேதத்துல சத்தியம் பண்ணக்கூடாது. உங்களுக்குத்தான் தடையில்லையே, நீ பண்ணு."

அந்த நிலையிலும் கேலி. பண்ணித் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

ஹிமாச்சலுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். இரண்டு பேருக்கு.

செப்டம்பர் 1, ஞாயிறு

நான் வரவில்லை என்று சொன்னேன். "சரி, நான் மட்டும் போறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

நான் போகாவிட்டால் தனியாகப் போவாள். தனியாக ஆற்றில் நிற்பாள். கட்டைவிரல் துடிக்கும். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடிவதில்லை, எழுந்து எதையாவது துடைக்கிறேன். என் வீட்டுக்காரர் சரத், "இந்த மிக்ஸியை நாலாவது தரம் துடைக்கிறே" என்கிறார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பேத்தமங்கலா ஏரியில் ஒத்திகை. அந்தப் படத்தில் பார்த்த ரப்பர் பேண்ட் இரண்டு ஆன்லைனில் வந்திருந்தது. எனக்கு அது கழுத்து வரை வருகிறது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "யாவ ஊரம்மா நிம்து?" என்று கன்னடத்தில் ஊர் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் சிரித்தாள். தண்ணீருக்குள் எப்படி நடப்பது என்று வின்னி காட்டினாள். காலைத் தூக்கி வைக்கக்கூடாது, தரையைத் தடவிக்கொண்டே நகர்த்த வேண்டும். தடியை ஊன்றி, அது நின்ற பிறகுதான் அடுத்த கால்.

நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டியளவு தண்ணீரில் இரண்டு தடவை விழுந்தேன், அதனால்தான்.

"என்ன பாக்காதடி, கால பாரு" என்று கத்தினாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஸ்கெலட்டன் பகுதியில் வின்னி வீட்டில் மதியச் சாப்பாடு. ஏனோக் அண்ணா பரிமாறினார். பங்காரப்பேட்டையில் ரயில்வே வேலை, ரிடையராக இரண்டு வருஷம் இருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு மெல்லிய குரல். எங்களுக்காக இஞ்சித் தொக்கு போட்டு வைத்திருந்தார், குளிருக்கு நல்லதாம்.

வின்னி கை கழுவப் பின்பக்கம் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இதுதான் சமயம். சொல்லிடு, சொல்லிடு நளினி. வாயைத் திறந்தேன். அவர் அதற்குள், "நீ கூட இருக்கன்னுதாம்மா அனுப்புறேன். இவ ஆடற ஆட்டத்துக்குத் தனியா வுடுவனா?" என்றார்.

மோர் ஊற்றிக்கொண்டேன். வேறென்ன செய்தேன்? மோர் ஊற்றிக்கொண்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

கிளம்புகிறோம். சரத் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினார். மகள் வீடியோ காலில், "அம்மா, பெரிய மீன் பிடி" என்றாள். யாருக்கும் பயமே இல்லை. எல்லார் பயத்தையும் நான் ஒருத்தியே சுமந்துகொண்டு போகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். ஆற்றின் சத்தம் அறைக்குள்ளேயே கேட்கிறது. இதன் பெயரை எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை, ஆறு என்றே எழுதுகிறேன். ஏரி மாதிரி சும்மா இருக்கிற தண்ணீர் இல்லை. பச்சையாக, அவசரமாக, கல்லுக்குக் கல் மோதிக்கொண்டு ஓடுகிறது. கையை விட்டேன், எலும்பு வரை வலித்தது.

வின்னி கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்கப்பா பாத்திருந்தா அழுதிருப்பாரு" என்றாள். அவளே அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அக்டோபர் 7, திங்கள்

கூட வருகிற ஆள் டோலே ராம். அறுபது வயது, வற்றல் உடம்பு, தண்ணீரில் நடப்பது நடுக்கூடத்தில் நடப்பதுபோல. அவர் இந்தி எங்களுக்கு முக்கால்வாசி புரிகிறது. இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் பேண்டுக்குள் தண்ணீர் ஏறி இழுத்துவிடும். விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதே, மல்லாந்து, காலை ஓட்டத்தின் பக்கம் நீட்டு. மேலே ஒரு அணை இருக்கிறது. ஹூட்டர் அடித்தால் தண்ணீரைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று அர்த்தம், தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடு. இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம்.

இன்று மூன்று சின்ன மீன். மூன்றையும் திரும்ப விட்டாள். பெரியதுதான் வேண்டுமாம். அவள் கை நடுங்கியது நான்கு தடவை. நான்கும் குளிரினால்தான். நான் எட்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது போல் இருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

எழுத முடியவில்லை. இருவரும் உயிரோடு இருக்கிறோம்.

அக்டோபர் 9, புதன்

வின்னி தூங்குகிறாள். வெயில் நன்றாக இருக்கிறது. எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் இது உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நேற்று மதியம். டோலே ராம் டீ எடுத்து வர ரோட்டில் நின்ற ஜீப்புக்கு ஏறிப் போனார். வின்னி நடு ஆற்றில் ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில், தொடையளவு தண்ணீரில் நின்றாள். அவளுக்குப் பத்து அடி பின்னால் நான், முட்டியளவில். எனக்குப் பின்னால் கரை, இருபது அடி. என் கண் வழக்கம்போல் அவள் இடது கையில்.

தூண்டில் வளைந்தது. "மாட்டிக்கினுச்சுடி!" என்று கத்தினாள். மீன் ஒருதரம் மேலே வந்து புரண்டது. நான் பார்த்தேன். பழுப்பு முதுகு, சிவப்புப் புள்ளி, என் முழங்கையை விட நீளம். ரீல் கிறீச்சிட்டுக்கொண்டே ஓடியது.

அப்போதுதான் சங்கு ஊதியது.

மேலே மலை வளைவிலிருந்து, ஒரே இழுப்பாக, மெல்ல ஏறி, அங்கேயே நின்று, மெல்ல இறங்குகிற சத்தம். அப்படியே நம் மைன் சங்கு. மைன் மூடியதிலிருந்து, இருபத்து மூன்று வருஷமாக ஊரில் கேட்காத சத்தம். ஹூட்டர் என்ற வார்த்தை என் மண்டையில் எங்கோ இருந்தது, ஆனால் காதில் விழுந்தது ஹூட்டர் இல்லை, ஷிப்ட் சங்கு. வின்னி என்னைத் திரும்பிப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு. தூண்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு மணி சங்குடி! அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஊதிட்டான் பாரு!"

நானும் சிரித்தேன். இதை எழுதவே கூசுகிறது. சின்ன வயதில் அந்த ரெண்டு மணிச் சங்கு கேட்டால்தான் எனக்கு மூச்சே வரும். காலை ஷிப்ட் முடிந்தது, கேஜ் ஏறுகிறது, அப்பா மேலே வருகிறார், இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா உடனே உலை வைப்பாள். அந்த நிம்மதி அப்படியே வந்து என் மேல் இறங்கியது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஒவ்வொரு நிமிடமும் பயந்து செத்தவள், பயப்பட வேண்டிய அந்த அரை நிமிடத்தில் மட்டும் பயப்படவில்லை. இரண்டு கிறுக்கச்சிகளும் ஆற்று நடுவில் நின்று அப்பாக்களை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் இலைகள் வந்தன. பிறகு குச்சிகள். பச்சைத் தண்ணீர் டீ நிறமானது. காலுக்கடியில் கல் உருண்டது. ரோட்டிலிருந்து டோலே ராம் தொப்பியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார், வாய் திறந்து மூடுகிறது, சத்தம் கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது.

நான் கரைப் பக்கம் இரண்டு அடி வைத்தேன். வின்னியை விட்டுவிட்டு. அதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவேன்? இரண்டு அடி. பிறகு திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்று தெரியவில்லை, தைரியம் என்று மட்டும் சொல்லமாட்டேன். ஏனோக் அண்ணா முகம் வந்தது, அவ்வளவுதான்.

"விடுடி அத!"

"மீனு கீதுடி!"

"மீனு மசுரு, விடுடி!"

நாற்பது வருஷத்தில் அவளை நான் அப்படிப் பேசியதில்லை. தூண்டிலை விட்டாள். தண்ணீர் எனக்கு இடுப்புக்கு வந்துவிட்டது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்காமல், தடவித் தடவிப் பாறைக்குப் போனோம். அவள் என்னை முதலில் மேலே தள்ளினாள். நான் அவளை பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் இரண்டும் கிழிந்தது, அப்போது தெரியவில்லை.

பாறை மேல் ஒரு கட்டில் அளவு இடம். தண்ணீர் ஏறி, மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. கரை அங்கேயேதான் இருந்தது, டோலே ராம் கயிற்றை மரத்தில் கட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது, ஆனால் நடுவில் ஓடியதைத் தாண்ட யாராலும் முடியாது. இரண்டு கையையும் கீழே அழுத்திக் காட்டினார். உட்காருங்கள், அசையாதீர்கள்.

இருபது நிமிடம் கழித்து அவள் கட்டைவிரல் துடித்தது.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வேண்டாம் வின்னி, இங்க வேண்டாம்டி, இப்ப வேண்டாம்டி. அவள் பேண்டின் தோள்வார்களை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவளைப் பக்கவாட்டில் சாய்த்து, முகத்தை என் பக்கம் திருப்பி, அவள் கால் மேல் என் காலைப் போட்டு அமுக்கினேன். உடம்பு எகிறியது. ஒவ்வொரு எகிறலுக்கும் பாறையில் ஒரு விரற்கடை நழுவினோம். மாரியம்மா என்று கத்தினேன். வேளாங்கண்ணி மாதாவே என்று கத்தினேன். அவர்கள் சபையில் மாதாவைக் கூப்பிட மாட்டார்கள், எனக்கு அது நினைவில் இல்லை. யார் வந்தாலும் சரி என்று கத்தினேன்.

நின்றது. அவள் தூங்கிவிட்டாள். ஒன்றேகால் மணி நேரம் அவளை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். என் விரல்கள் நீலமாகிவிட்டன. மூச்சு வருகிறதா என்று காதை வாயருகே வைத்தால் ஆற்றுச் சத்தம்தான் கேட்டது. ஆகவே வயிற்றின் மேல் கையை வைத்து, அது ஏறி இறங்குவதை எண்ணினேன்.

தண்ணீர் இறங்கியதும் டோலே ராம் கயிற்றோடு வந்தார். அவள் கண் விழித்து, "தூங்கிட்டனா?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

நாக்கைக் கடித்திருந்தாள், உதட்டில் ரத்தம். அவளுக்கே தெரிந்திருக்கும். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. டோலே ராம்தான் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹூட்டர் கேட்கவில்லையா என்று இந்தியில் கேட்டார். கேட்டது என்றேன். பிறகு ஏன் நின்றீர்கள் என்றார். அதை இந்தியில் எப்படிச் சொல்வது? தமிழில் மட்டும் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 11, வெள்ளி

வீடு. ரப்பர் பேண்டைக் கொல்லையில் காயப்போட்டேன். பிறகு பார்க்கப் பிடிக்காமல் மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

வின்னி வீட்டில் கூட்டம். தப்பிப்போன மீனின் கதையைச் சொல்கிறாள். மீன் இரண்டடியிலிருந்து மூன்றடி ஆகிவிட்டது. சங்கு கதையும் சொன்னாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். பாறை மேல் நடந்தது அவள் கதையில் இல்லை. "நளினி பயத்துல என்னை நசுக்கிக் கொல்லப் பாத்தா" என்றாள்.

ஏனோக் அண்ணா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

மார்ச்சில் மறுபடி போகலாமாம். டோலே ராமிடம் சொல்லிவிட்டாளாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

ரயிலில் அவள் கதவோரமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இடது கையால். உள்ளே வா என்றேன். காற்று வேணும்டி என்றாள்.

சாயங்காலம் மீண்டும் கேட்டேன். டாக்டரிடம் போகலாம், நான் லீவு போடுகிறேன், யாருக்கும் தெரியாமல் போகலாம். "மார்ச்சுக்கு அப்பால பாக்கலாம்" என்றாள்.

அக்டோபர் 16, புதன்

சொல்லிவிட்டேன்.

வின்னி ஸ்கூலில் இருக்கும் நேரம் பார்த்து, அரை நாள் லீவு போட்டுவிட்டு, பங்காரப்பேட்டையில் இறங்கி ஏனோக் அண்ணாவின் ஆபீஸுக்குப் போனேன். வெளியே புங்க மரத்தடியில் நின்று சொன்னேன். பெஞ்ச், குளியலறை, ஸ்டோர் ரூம், பாறை.

"எத்தினி நாளா உனக்குத் தெரியும்?"

"ஆகஸ்ட் இருபத்தேழு."

"ஏரிக்குப் போனது அப்பாலதான?"

"ஆமாங்கண்ணா."

"எங்க வூட்ல சாப்ட்டது?"

"ஆமா."

"ஆத்துக்கு இட்டுக்கினு போனதும் தெரிஞ்சிதான்."

நான் இட்டுக்கினு போகலண்ணா, அவதான் என்னை... சொல்லவில்லை.

"போயிட்டு வாம்மா" என்றார். குரல் எப்போதும்போல மெல்லியதாகத்தான் இருந்தது. மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்டோபர் 17, வியாழன்

ஸ்டேஷனில் வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே நின்றாள்.

"உனக்குப் பயம். சின்ன புள்ளையிலருந்தே பயம். அத எறக்கி வெக்க என் தலைதான் கெடைச்சுதா?"

"வின்னி, பாறை மேல..."

"எனக்குத் தெரியும் பாறை மேல இன்னா ஆச்சுன்னு. நாக்கு கிழிஞ்சவ நானு. மொதல்ல என்கிட்ட சொல்லியிருக்கணும் நீ. தூங்கினேன்னு சொன்ன இல்ல? என்கிட்ட பொய் சொல்லிட்டு அவருகிட்ட நெசத்த சொல்லியிருக்கற."

அவள் சொன்னது சரி. வரிசை தப்பிவிட்டது. முதலில் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் பயந்தேன்.

ஜெனரல் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

பெங்களூரில் பெரிய டாக்டர் பார்த்தாராம், ஸ்கேன், இன்னொரு டெஸ்ட். மாத்திரை இரண்டு வேளை. இதெல்லாம் மூன்றாவது ஆள் சொல்லித்தான் தெரிகிறது. ஸ்கூலில் அவளை இந்த வருஷம் முழுக்க லைப்ரரியில் உட்கார வைத்துவிட்டார்களாம். கோயிலில் பேர் சொல்லி ஜெபம் நடந்ததாம்.

அவள் என்னவெல்லாம் நடக்கும் என்று சொன்னாளோ எல்லாம் நடந்துவிட்டது. நான் என்ன நடக்கும் என்று பயந்தேனோ அது மட்டும் நடக்கவில்லை. அதற்குத்தானே சொன்னேன்? ஆனால் நடக்காத ஒன்றை யாரிடம் காட்டி நியாயம் கேட்பது?

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஒவ்வொரு வருஷமும் காலையிலேயே வந்து அதிரசத்தைக் குறை சொல்லிக்கொண்டே ஆறு தின்பாள். இந்த வருஷம் ஏனோக் அண்ணா மட்டும் வந்தார். சரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். போகும்போது என்னிடம், "மாத்திர ஒழுங்கா போடறாம்மா. தூக்கந்தான் ஜாஸ்தி" என்றார்.

"என்னைப் பத்திக் கேட்டாளாண்ணா?"

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்லம்மா" என்றார். ஒரு டப்பாவில் அதிரசம் போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 12, செவ்வாய்

தினமும் நான் ஏறுவதற்கு முன்னால் ஜெனரல் பெட்டியின் ஜன்னல்களைப் பார்க்கிறேன். அவள் தலை தெரிந்தால் ஏறுகிறேன். தெரியாத நாளில் மாலை வரை வேலை ஓடுவதில்லை. அங்கே யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களுக்குப் பக்கவாட்டில் சாய்க்கத் தெரியுமா? சாவியைக் கையில் கொடுக்கிறேன் என்று எதையாவது செய்வார்களா?

நவம்பர் 19, செவ்வாய்

இல்லை.

நவம்பர் 20, புதன்

இருந்தாள். பச்சை ஸ்வெட்டர்.

டிசம்பர் 3, செவ்வாய்

பனி. ரயில் கால் மணி தாமதம். நான் கோடி பெஞ்சில் இருந்தேன். வின்னி வந்தாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. பெஞ்சின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். ரயில் வந்ததும் லேடீஸ் பெட்டியில், எனக்கு முன்னால், ஏறினாள்.

ஜன்னலோரம் எனக்கு. பக்கத்தில் அவள். பங்காரப்பேட்டை தாண்டியதும், எதிர் சீட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இந்தப் பாழாப்போன மாத்திர, தூக்கமா தள்ளுது. நான் தூங்கப்போறேன்."

"தூங்கு."

"ஏதாச்சும் ஆச்சுன்னா, அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாத்தான் ஆம்புலன்ஸாம். அதுக்கு முன்னாடி கூப்பாடு போட்டு மானத்த வாங்காத. மாதாவயெல்லாம் கூப்டாத."

அப்படியென்றால் பாறை மேல் அவளுக்குக் காது கேட்டிருக்கிறது.

"சரி" என்றேன்.

இரண்டு நிமிடத்தில் தலை என் தோளில் விழுந்துவிட்டது. கனமான தலை. இடது கை மடியில் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மாலூர் போனது, ஒயிட்ஃபீல்டு போனது. கே.ஆர். புரம் வந்தது, நான் இறங்க வேண்டிய இடம், அவள் ஸ்கூல் இன்னும் தள்ளி. எல்லோரும் எழுந்தார்கள். என் ஆபீஸ் மமதா கதவருகே நின்று, "மேடம், பரல்வா?" என்றாள் கன்னடத்தில், வரவில்லையா என்று.

இல்லை என்று தலையசைத்தேன். கதவோரம் காலியானது. ரயில் கிளம்பியது.